தாயும் சேயும் நம்மிடம் உள்ள அமானிதம்

(ஜமாஅத்தின் குடும்ப நல நிகழ்ச்சியில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் சலவாத்தும் சலாமும் உண்டாவதாக.

 

குழந்தை வளர்ப்பு என்ற தலைப்பில் பேசுமாறு நிர்வாகிகள் கேட்டுக் கொண்டார்கள். இத்தலைப்பில் ஆலிம்கள் பேசும்போது பெயர் சூட்டுதல், அகீகா, ஓதக் கற்றுக் கொடுத்தல், ஒழுக்கம் ஆகியவற்றைப் பேசுவது வழக்கம். அவை அனைத்தும் தேவையானவையே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. தாய் உயிரோடும் நலத்தோடும் பிரசவ அறையிலிருந்து வெளியே வர வேண்டும். குழந்தை முதல் அழுகையை அழ வேண்டும். இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

இதற்கு முன் வேறோர் ஊரில் நாம் இமாமாகப் பணி செய்த காலம். ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் தண்ணீர் பாட்டிலுடன் வந்து நின்றார். "ஹஜ்ரத், வீட்டில் எட்டு மாதம். இரண்டு நாளாகத் தலைவலி தாங்க முடியவில்லை என்கிறாள். கண்ணும் மங்கலாகத் தெரிகிறதாம். அம்மா ஓதி வாங்கி வரச் சொன்னார்கள்" என்றார். நாம் ஓதி ஊதிக் கொடுத்தோம். அவர் மன நிறைவோடு போனார். "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்ற ஒரே ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை. மறுநாள் சுப்ஹுக்கு முன்பே அப்பெண்ணுக்கு வலிப்பு வந்தது. அல்லாஹ்வின் கருணையால் தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. கபருஸ்தானில் அந்தச் சிறு குழிக்கு அருகில் நாமும் நின்றிருந்தோம். அந்த இளைஞர் நம்மை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. மாறாக, "துஆச் செய்யுங்கள் ஹஜ்ரத்" என்றார். அதுவே இன்றளவும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

பிறகு ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டோம். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறினால் அது எச்சரிக்கை. அதனோடு கடுந்தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கைகளிலும் வீக்கம், மேல்வயிற்று வலி ஆகியவை சேர்ந்தால் அடுத்தது வலிப்பாக இருக்கலாம். கையில் ஒரு பட்டையைச் சுற்றி அளந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும் நோய் அது. அன்றிலிருந்து நாம் ஒரு விதி வைத்துக் கொண்டுள்ளோம். கர்ப்பிணிக்காகவோ கைக்குழந்தைக்காகவோ யார் ஓதிப் பார்க்க வந்தாலும், மருத்துவமனைச் சீட்டைக் காட்டிய பின்னரே ஓதுவோம். இது துஆவின் மீது நம்பிக்கைக் குறைவன்று. நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள். ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது.

மலையின் தூரமும் வீட்டின் தூரமும்

பேறுகால மரணங்களை ஆராய்ந்த அறிஞர்கள் மூன்று தாமதங்களைக் குறிப்பிடுகின்றனர். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம் முதலாவது. போய்ச் சேர்வதில் தாமதம் இரண்டாவது. போய்ச் சேர்ந்த பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம் மூன்றாவது.

இரண்டாவது தாமதம் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து மேலே ஏறினால் வெள்ளிமலை. அதற்கும் அப்பால் கல்வராயன் மலையின் மடிப்புகளில் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். சாலை எட்டாத இடங்களில் நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து வந்துதான் வாகனத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. இம்மலை மக்களின் வாழ்நிலையை 2024ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுத்துக் கொண்டதை நாம் அறிவோம். இத்தகைய தூரத்துக்காகவே மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தப்பட்டன. வலி எடுத்த பின் ஓடாமல், நாள் நெருங்கும்போதே வந்து தங்கிவிடுவது அதன் நோக்கம். தூரத்தை அறிந்தவர் முன்கூட்டியே புறப்படுகிறார்.

நமது நிலையோ வேறு. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. ஆட்டோவில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். ஆனால் நம் வீடுகளில் தூரம் பாதையில் இல்லை, முடிவெடுப்பதில் இருக்கிறது. "மாமியாரிடம் கேட்க வேண்டும்", "துபாயில் இருக்கும் மகன் போன் எடுக்கட்டும்", "ஜும்ஆ முடியட்டும்", "பெண் டாக்டர் இருக்கிறாரா எனத் தெரியவில்லை", "நாங்களெல்லாம் இப்படியா பெற்றோம்?" என்று பேசிக் கொண்டே இருக்கையில் இரண்டு மணி நேரம் கழிந்துவிடுகிறது. மலைப்பாதையின் எல்லா வளைவுகளையும் ஏறி இறங்கிவிடக்கூடிய நேரம் அது.

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் ஏழாம் மாதத்திலேயே ஐந்து விஷயங்கள் முடிவாகியிருக்க வேண்டும். எந்த மருத்துவமனை? எந்த வாகனம்? யார் உடன் செல்வது? இரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பது? கணவர் ஊரில் இல்லையெனில் யார் முடிவெடுத்துக் கையெழுத்திடுவது? வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் இப்போதே தம் வீட்டாரிடம், "என்னைக் கேட்கக் காத்திருக்க வேண்டாம், மருத்துவர் சொல்வதைச் செய்யுங்கள்" என்று தெளிவாகச் சொல்லி வையுங்கள். அந்த ஒரு வாக்கியம் நீங்கள் அனுப்பும் பணத்தை விடப் பெரியது.

பெண் மருத்துவரைத் தேடுவது நல்லதே. முன்கூட்டியே விசாரித்து வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் நெருக்கடி வேளையில் ஆண் மருத்துவர்தான் இருக்கிறார் என்றால் ஒரு நிமிடமும் தயங்கக் கூடாது. நிர்ப்பந்தத்தின் போது தேவையான அளவுக்குத் தடைகள் தளர்கின்றன என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. இதில் பாவம் வருமோ என்று அஞ்சுவோர் அந்த அச்சத்தை நம்மிடம் விட்டுவிட்டு வண்டியில் ஏறட்டும்.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகளை மனனம் செய்து கொள்ளுங்கள். எந்த மாதத்திலும் இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, பனிக்குடம் உடைந்து நீர் வடிதல், கடுங்காய்ச்சல், மூச்சுத் திணறல், வயிற்றில் குழந்தையின் அசைவு குறைதல். இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் 108க்கு அழையுங்கள். இச்சேவை தமிழகத்தில் 2008 முதல் இலவசமாக இயங்கி வருகிறது.

கர்ப்ப காலம்

மாதவிலக்குத் தள்ளியவுடன் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பதிவு செய்யுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களும் பதிவு செய்ய வேண்டும். அப்போது கிடைக்கும் பதிவு எண் பிறப்புச் சான்றிதழ் பெறும்போதும் தேவைப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுடையோருக்கு இரு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. பணம் தவணை தவணையாகக் கிடைக்கும். அது தாயின் உணவுக்காகத் தரப்படுவது. கணவரின் கடனை அடைக்கவோ, விருந்து வைக்கவோ தரப்படுவதன்று. அது அவருக்குரிய ஹக்கு.

அடுத்து, இரத்தச்சோகை. 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. இது பெருமைக்குரியது. ஆனால் அதே ஆய்வு, கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தச்சோகை இருப்பதாகவும் கூறுகிறது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தச்சோகை. அந்நிலையில் பிரசவத்தின்போது சாதாரணமாக ஏற்படும் இரத்த இழப்பைக் கூட உடல் தாங்காது. அரசு இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரைகள் எத்தனை வீட்டு அலமாரிகளில் அப்படியே கிடக்கின்றன! "மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு பிரட்டுகிறது" என்று நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, அஞ்ச வேண்டாம். இரவு உணவுக்குப் பின் போட்டுக் கொண்டால் பிரட்டல் குறையும். தேநீருடனோ பாலுடனோ போட்டால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றோடு சேர்த்தால் நன்கு சேரும். நம் மலையில் விளையும் சாமையும் தினையும், வீட்டுக் கொல்லையில் தழைக்கும் முருங்கைக் கீரையும் விலை உயர்ந்த பவுடர் டப்பாக்களுக்குக் குறைந்தவை அல்ல.

சர்க்கரைப் பரிசோதனையையும் தவிர்க்கக் கூடாது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால நீரிழிவு. வெறும் வயிற்றில் வர வேண்டிய அவசியமில்லாத இந்த எளிய முறை நம் நாட்டில் பரவக் காரணமாக இருந்தவர்களுள் முதன்மையானவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா அவர்கள். நம் சமுதாயத்தில் பிரியாணியும் இனிப்பும் அதிகம்; சர்க்கரை நோயும் அதிகம். "பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பிடு" என்று இரண்டு மடங்கு சோறு போடுவது அன்பு என நினைக்கிறோம். பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் என வகைகளைக் கூட்டுங்கள். சோற்றின் அளவைக் கூட்ட வேண்டாம்.

ரமளான் மாதத்தில் நம்மிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி, கர்ப்பிணி நோன்பு நோற்கலாமா என்பது. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என அஞ்சினால் நோன்பை விடச் சலுகை உண்டு. பின்னர் களாச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி களா மட்டும் போதும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவுடன் ஃபித்யாவும் உண்டு. பாலூட்டும் தாய்க்கும் இவ்வாறே. நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தச்சோகை உள்ளவர்கள் மருத்துவர் வேண்டாமென்றால் நோற்கக் கூடாது. வீட்டார் எல்லாரும் ஸஹர் செய்யும்போது தான் மட்டும் பகலில் உண்பதா எனக் கூச்சப்பட்டு நோன்பு நோற்கும் மருமகள்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பகலுணவைத் தாமே எடுத்து வைக்கும் மாமியாருக்கு அல்லாஹ் நிறைந்த கூலியைத் தருவானாக.

கணவரின் கடமை

பத்ருப் போர் இஸ்லாமிய வரலாற்றில் எத்தகையது என்பதை நாம் அறிவோம். அப்போருக்குப் புறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தம் மருமகன் உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே இருக்கச் சொன்னார்கள். காரணம், அவர்களுடைய மனைவியும் நபிகளாரின் மகளுமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். போரில் கலந்து கொண்டவருக்குரிய பங்கும் உஸ்மான் (ரலி) அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. நோயுற்ற மனைவிக்கு அருகில் இருந்து பணிவிடை செய்தது பத்ருக் களத்தில் நின்றதற்கு ஈடாகக் கணக்கிடப்பட்டது. "பரிசோதனைக்கு அழைத்துப் போக எனக்கு நேரமில்லை, கடையை யார் பார்ப்பது?" என்று கேட்கும் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

கணவர்மார்களே, ஒவ்வொரு பரிசோதனைக்கும் உடன் செல்லுங்கள். சீட்டில் எழுதியிருப்பதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகைக்காதீர்கள். அந்தப் புகை வயிற்றிலுள்ள குழந்தையையும் சேர்கிறது. மது ஹராம் என்பதை இம்மேடையில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 2024 ஜூன் மாதம் நம் நகரின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின; எத்தனையோ குழந்தைகள் தந்தையை இழந்தனர். அந்த ஊரில் வாழும் நாம், போதை என்பது குழந்தையின் தொட்டிலையே சாய்க்கும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள். நம் மஹல்லாவில் யாரேனும் அதில் சிக்கியிருந்தால் மறைக்காமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நமக்கு அது அதற்கும் மேல். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் கேட்கப்படும் எனக் குர்ஆன் எச்சரிக்கிறது. நம் மலையின் மறுபுறத்தில் உள்ள சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட வேண்டிய நிலை ஏற்பட்டது என்பதை மறக்கலாகாது. பெண் பிறந்தால் முகம் சுருங்குவது கூட அந்தப் பழைய குற்றத்தின் நிழலே.

பிறந்த வேளை

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நோயெதிர்ப்புச் சத்து நிறைந்த அதுவே குழந்தைக்கு அல்லாஹ் அளிக்கும் முதல் மருந்து. அறுவைச் சிகிச்சையில் பிறந்த குழந்தைக்கும் அதுவே கொடுக்க வேண்டும். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டாம். அதன் பின் இணை உணவுடன் இரண்டு ஆண்டுகள் வரை பாலூட்டலாம். இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பேசுகிறது. அதே வசனம் அக்காலத்தில் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கு தஹ்னீக் பற்றிப் பலர் கேட்பார்கள். நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் மேலண்ணத்தில் தடவி துஆச் செய்ததாக ஹதீஸ்களில் வந்துள்ளது. அது விரும்பத்தக்க செயல், கடமை அன்று. இன்று பலருடைய வாயில் பல நோய்க்கிருமிகள் இருக்கின்றன. ஆகவே மருத்துவரைக் கேளுங்கள். அவர் இசைந்தால், நன்கு கழுவிய விரலால், மெல்லாமல் மசித்த பழத்தின் சாறு ஒட்டும் ஒட்டாததுமாக அண்ணத்தில் தொட்டால் போதும். குறைமாதக் குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் அதையும் விட்டுவிடுங்கள். துஆ மட்டும் செய்யுங்கள். மருத்துவர் வேண்டாமென்றால் நிம்மதியோடு விட்டுவிடலாம். உயிரைப் பேணுவது கடமை, கடமையே முற்படும்.

பேரீச்சம்பழம் இல்லையென்று தேன் தடவுகிறார்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். கல்வராயன் மலைத்தேன் சிறந்தது என்று தேடி வாங்குகிறோம். தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதை அல்லாஹ் சொல்லியிருக்கிறான். ஆயினும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. எவ்வளவு தூய தேனிலும் ஒரு வகை நுண்கிருமியின் வித்துகள் இருக்கக் கூடும். பெரியவர்களின் குடல் அவற்றை அடக்கிவிடும். பச்சிளங்குழந்தையின் குடலில் அவை வளர்ந்து நச்சை உண்டாக்கி, உடலைத் துவள வைத்து மூச்சையே நிறுத்திவிடலாம். மலைத்தேன் பாலூட்டும் தாய்க்கு ஆகட்டும். சேய்க்கு ஒரு வயதுக்குப் பின் ஆகட்டும். சர்க்கரைத் தண்ணீர், சேனை, கழுதைப்பால், வசம்பு உரைத்த நீர் ஆகிய எதுவும் வேண்டாம். கண்ணில் மை தீட்டுவதும், தொப்புளில் எண்ணெயோ சாம்பலோ வைப்பதும் வேண்டாம்.

எடை 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு நெஞ்சாக வெற்றுடம்பில் அணைத்து வைக்கச் சொல்வார்கள். கங்காரு முறை எனப்படும் இது 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. தாய் களைத்திருக்கையில் தந்தையும் செய்யலாம். அத்தா நெஞ்சில் படுத்து வளர்ந்த பிள்ளை என்பதில் ஆணுக்கு ஒரு குறைவும் இல்லை.

குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடல் சில்லிட்டால், காய்ச்சல் அடித்தால், மூச்சு வேகமாக வாங்கினால், துவண்டு கிடந்தால், தொப்புளில் சீழ் வைத்தால், மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினால் அல்லது பிறந்த முதல் நாளே தெரிந்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காமாலைக்கு மந்திரிப்பதும் பச்சிலை கொடுப்பதும் பச்சிளங்குழந்தையின் மூளையைப் பாதிக்கும் வரை காலத்தைக் கடத்திவிடக் கூடும்.

நாற்பது நாட்கள்

நிஃபாஸுடைய நாற்பது நாட்களில் பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரையும் காயையும் பழத்தையும் குறைக்கிறார்கள். பால் சுரக்கத் தண்ணீரே தேவை. மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் இருந்தபோது, அவர்களுக்கு நீரோடையும் பேரீச்சம்பழமும் தரப்பட்டு, உண்ணவும் பருகவும் சொல்லப்பட்டதைக் குர்ஆன் விவரிக்கிறது. அல்லாஹ் உண்ணவும் பருகவும் சொன்ன வேளையில் நாம் ஏன் தடுக்கிறோம்?

பிரசவத்துக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுதும் நனையுமளவு இரத்தம் போனாலோ, காய்ச்சலும் துர்நாற்றமும் இருந்தாலோ மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில தாய்மார்கள் காரணமின்றி அழுவார்கள், உறங்க மாட்டார்கள், குழந்தையைப் பார்க்க விரும்ப மாட்டார்கள், தம்மைத் தாமே அழித்துக் கொள்ள நினைப்பார்கள். அவர்களை "ஜின் பிடித்திருக்கிறது" என்று நம்மிடம் அழைத்து வருகிறார்கள். அது மருந்தாலும் அரவணைப்பாலும் குணமாகும் நோய். மருத்துவரிடம் செல்லுங்கள், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம். அத்தகைய தாயைத் தனியே விடாதீர்கள்.

ஐந்து வயது வரை

தடுப்பூசியைப் பற்றி நம் சமுதாயம் ஒரு பாடத்தைக் கற்றிருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளைக் கேட்டுப் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுக் குழந்தைக்குக் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படும். அதைத் தடுக்கும் ஊசியையே நாம் தடுத்தோம். போலியோவை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் 2011க்குப் பின் காட்டுவகைப் போலியோ எவரையும் முடக்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைச் சான்றளித்தது. அது சொட்டு மருந்தால் வந்த வெற்றி. ஆகவே பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில், 9 மாதத்தில், ஒன்றரை வயதில், ஐந்து வயதில் என அட்டையில் உள்ளபடி தவறாமல் போடுங்கள். அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் உப்பு–சர்க்கரைக் கரைசல். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அவர்கள் இதைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றினார். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாட்கள் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

வீட்டு விபத்துகளையும் கவனியுங்கள். அரை வாளித் தண்ணீரிலும் தவழும் குழந்தை மூழ்கிவிடும். நோன்புக் கஞ்சி அண்டாவைத் தரையில் வைத்துவிட்டு நகராதீர்கள். நிலக்கடலை, பட்டாணி, புளியங்கொட்டை ஆகியவை சிறு குழந்தையின் மூச்சுக்குழலில் சிக்கும். சோறூட்டுவதற்காகச் செல்போனைக் காட்டும் பழக்கம் இன்று வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறார்கள் வல்லுநர்கள். அக்குழந்தைக்குத் தாயின் முகமே முதல் பாடப்புத்தகம்.

இறுதியாகப் பெயர். ஏழாம் நாளில் அழகிய பெயர் சூட்டுவது சுன்னத். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வது சட்டம். 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அரபுப் பெயர்களைப் பிறப்புச் சான்றில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், குடும்ப அட்டையில் ஒரு விதம் எழுதிவிட்டுப் பின்னர் கடிதம் கேட்டு நம்மிடம் வருவோர் பலர். எழுத்தை முதல் நாளே முடிவு செய்து, தாளில் எழுதி, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள்.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

நிர்வாகக் குழுவினருக்கு மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறோம். இரத்த வகை எழுதிய இளைஞர் பட்டியல் ஒன்று பள்ளிவாசலில் எந்நேரமும் கிடைக்க வேண்டும். அதில் நம் மஹல்லா, அடுத்த மஹல்லா, முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் என்ற பாகுபாடு இருக்கக் கூடாது. மலையிலிருந்து இறங்கி வந்து இரத்தத்திற்காகத் தவிக்கும் சகோதரிக்கும் அது உரியதாக வேண்டும். இரண்டாவதாக, தடுப்பூசி முகாம் நாட்களை ஜும்ஆவில் அறிவிக்க அனுமதி வேண்டும். மூன்றாவதாக, நிகாஹ் பதிவுக்கு வரும் மணமக்களுக்கு இவ்விஷயங்களைச் சொல்லிக் கொடுக்க ஓர் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

அந்த இளைஞர் இன்று நம் முன் தண்ணீர் பாட்டிலுடன் வந்து நின்றால், முதலில் அவர் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றுவோம். வழியெல்லாம் ஓதிக் கொண்டு வருவோம். இதையே உங்களிடமும் கேட்கிறோம். புறப்படுங்கள், பிறகு ஓதுங்கள், ஓதிக் கொண்டே புறப்படுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் கர்ப்பிணிப் பெண்களுக்குச் சுகப் பிரசவத்தைத் தந்தருள்வாயாக. எங்கள் குழந்தைகளை நோயின்றி வளர்ப்பாயாக. பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அழகிய பொறுமையையும், அந்தக் குழந்தைகளைக் கொண்டே சுவனத்தையும் தருவாயாக. குழந்தைக்காக ஏங்கி நிற்போருக்கு ஸாலிஹான சந்ததியைத் தருவாயாக. நாங்கள் அறியாமையால் செய்த தாமதங்களை மன்னிப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.